போனிலிருந்து அனுப்பிய ரா படங்கள் சுருங்கிவிட்டனவா?

மயிலாப்பூர் அறுபத்துமூவர் ஊர்வலத்தில் எடுத்த ரா படங்கள் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்புகள்) நண்பருக்குச் சிறிதாகப் போய்விட்டன என்று கேட்டிருந்தீர்கள். கேமரா மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாதவரை அந்தப் படங்களுக்கு ஆபத்தில்லை. அசல் அதிலேயே இருக்கிறது. நண்பருக்கு 25 எம்பி என்ஈஎஃப் (நிகான் கேமராவின் ரா வடிவம்) கோப்பு 2 எம்பி ஜேபெக்காகப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் போன் கேலரிதான். ரா கோப்புக்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்னோட்டம் இருக்கும். பகிரும்போது அதை மட்டும் அனுப்பியிருக்கும்.

ஒரே ஒரு படத்தை வைத்துச் சோதியுங்கள். கார்டை ரீடரில் போட்டு லேப்டாப்புக்கு நகலெடுங்கள். பெயரின் கடைசியில் என்ஈஎஃப் இருக்கிறதா, அளவு கார்டில் உள்ளதோடு பைட் கணக்கில் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் அதை வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். நான் ஸிப் செய்தே அனுப்புவேன். வழியில் எந்த ஆப்பும் படத்தில் கைவைக்காது.

ஒன்று கவனம்: அளவு சரியாக இருந்தாலும் உள்ளே சிதைந்திருக்கலாம். மயிலாப்பூரில் அந்த ஊர்வலம் இனி அடுத்த பங்குனியில்தான். இரண்டு கோப்புகளின் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு, இன்னொரு டிஸ்கிலும் ஒரு பிரதி வைத்த பிறகே கார்டை அழியுங்கள்.