தீபாவளிக்கு ஒரு அதிரசம் சாப்பிடலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு 53 வயது. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் காலையும் இரவும், கிளிமிபிரைடு காலையில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4. வருடம் முழுக்க வாயைக் கட்டிவிடுகிறேன், தீபாவளி வந்தால் மட்டும் முடியவில்லை. எங்கள் வீட்டில் கேதார கௌரி நோன்பு உண்டு. அதிரசம் நான்தான் சுடவேண்டும். போன வருடம் நோன்பன்று மத்தியானம் படபடப்பாக வந்து வேர்த்துக் கொட்டியது. அசதி என்று படுத்துவிட்டேன். சாயங்காலம் பூஜை முடிந்து சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் சாப்பாட்டுக்குப் பின் 310. இந்த வருடம் மருமகள் சுகர் ஃப்ரீ இனிப்பு வாங்கலாம் என்கிறாள். அதிரசம் வெல்லம்தானே, அது பரவாயில்லையா? இனிப்பு சாப்பிடும் நாளில் மாத்திரையை ஒன்றரையாகப் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, நீங்கள் கேட்டது இனிப்பைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதிரசம் இல்லை. நோன்பன்று மத்தியானம் வந்த படபடப்பும் வியர்வையும்தான். அசதி என்று நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன அந்த விஷயத்தை முதலில் பேசிவிடலாம்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று அது பார்க்காது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு சாயங்காலம் வரை வெறும் வயிற்றோடு இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ்சர்க்கரை என்கிறோம். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வருவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அறிகுறிகள். அன்றைக்கு நீங்கள் அளந்து பார்க்காததால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது என்கிறீர்களே, அதை வைத்துப் பார்த்தால் தாழ்சர்க்கரையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிப் படுத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்க முடியாமல் மயங்கிப்போவதும் உண்டு. சர்க்கரை ஏறினால் நமக்கு இருக்கும் பயம் இறங்கினால் இருப்பதில்லை. அன்றைய ஆபத்தைப் பார்த்தால் இறங்குவதுதான் அவசரம்.

நோன்பு இருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு கிளிமிபிரைடு எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் மருத்துவர் முன்கூட்டியே மாற்றித் தரவேண்டும். அளவைக் குறைப்பார், அல்லது சாயங்காலச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார். உங்கள் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்த்துத்தான் அதை முடிவு செய்யவேண்டும், நீங்களாக மாற்றக் கூடாது. (இதைப் படிக்கும் வேறு யாராவது டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரை எடுத்தால், அவர்களுக்குப் பட்டினியில் உடம்பில் நீர் வற்றுவதும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் சேர்வதும் தனி ஆபத்து. அவர்களும் கேட்டுக்கொண்டு நோன்பு இருப்பது நல்லது.) பல வீடுகளில் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு நோன்பு இருக்கிறார்கள். உங்கள் வழக்கம் அதற்கு இடம் கொடுத்தால் அப்படியே இருங்கள். தண்ணீர், மோரைத் தள்ளிப்போடாதீர்கள். காலை பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் குளுக்கோமீட்டரில் ஒரு முறை பாருங்கள். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுப்பதால் நோன்பு முறிந்துவிடாது.

70க்குக் கீழே காட்டினால், அல்லது பார்க்க வசதியில்லாமல் அதே படபடப்பு வந்தால், நோன்பை அங்கேயே முடித்துவிடுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், குளுக்கோஸ் பொடி இருந்தால் இன்னும் நல்லது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சாதமோ சாப்பிடுங்கள், ஏனென்றால் இந்த மாத்திரையின் வேகம் அதற்குள் அடங்காது, சில மணி நேரத்தில் மறுபடி இறக்கிவிடும். இந்த நேரத்தில் அதிரசத்தையோ லட்டையோ எடுக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெயும் நெய்யும் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். பூஜை முடியவில்லையே என்று தயங்கவும் வேண்டாம், கௌரி அம்மன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

சரி, மாத்திரையை ஒன்றரையாகப் போடலாமா? வேண்டவே வேண்டாம். கிளிமிபிரைடின் வேலை ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க இருக்கும். சாயங்காலம் சாப்பிட்ட இனிப்பு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மாத்திரை மட்டும் நடுராத்திரியிலும் வேலை செய்துகொண்டிருக்கும். மெட்ஃபார்மினைக் கூட்டினால் அன்றைக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம், அந்த ஒரு வேளை இனிப்பை அது சமாளிக்காது. சாப்பாட்டுக்குத் தக்க இன்சுலின் அளவை மாற்றப் பழக்கப்பட்டவர்கள் கதை வேறு, அது உங்களுக்குப் பொருந்தாது.

வெல்லம் விஷயத்துக்கு வருகிறேன். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் அதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்புச்சத்து கூடுதலாக இருக்கலாம், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதில் சொல்லும்படி வித்தியாசம் இருக்காது. நீங்கள் சுடும் அதிரசத்தில் பச்சரிசி மாவும் இருக்கிறது. நடுத்தர அளவில் ஒன்று சாப்பிட்டால், மாவுச்சத்துக் கணக்கில் இரண்டு மூன்று இட்லி சாப்பிட்டதற்குச் சமம். எண்ணெய் அதற்கு மேல்.

மருமகள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் சுகர் ஃப்ரீ இனிப்பில் சர்க்கரையை மட்டும் எடுத்துவிட்டு வேறு இனிப்பூட்டியைப் போடுகிறார்கள். மைதா, கோவா, நெய் அப்படியே இருக்கின்றன. சர்க்கரை சேர்க்காதது என்று பேரீச்சம்பழத்தில் செய்து விற்பதும் உண்டு, பேரீச்சம்பழத்திலேயே மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருப்பதை அந்த டப்பா சொல்வதில்லை. மால்டிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்தது என்றால் நான்கு துண்டில் வயிறு பொருமும். எனக்கு இதில் பெரிய குறையாகப் படுவது, பயமில்லாமல் நிறையச் சாப்பிட வைத்துவிடுகிறது என்பதுதான். சுகர் ஃப்ரீ நான்கு சாப்பிடுவதைவிட உங்கள் கையால் சுட்ட அதிரசம் ஒன்று மேல் என்பேன்.

ஆக, ஒன்று சாப்பிடலாம். உங்கள் 7.4 பெரிதாகக் கெட்டுப்போன அளவு இல்லை, தாழ்சர்க்கரையைத் தவிர்க்க வழி செய்துகொண்டால் போதும். எப்போது சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெறும் வயிற்றில் லேகியம், பின்னாலேயே ஒரு மைசூர்பாகு என்பது நம் ஊர் வழக்கம். சர்க்கரை நோய்க்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. விடியற்காலையில் சுரக்கும் ஹார்மோன்களால் சர்க்கரை ஏற்கெனவே ஏறியிருக்கும். லேகியத்தில் இஞ்சி, ஓமம், திப்பிலியோடு வெல்லமும் நெய்யும் உண்டு, கால் தேக்கரண்டி வாயில் போட்டுக்கொண்டு நிறுத்திவிடுங்கள். இனிப்பைச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு முடித்துச் சாப்பிடும்போது முதலில் பொரியல், கூட்டு, சுண்டல். பிறகு வழக்கத்தில் பாதிச் சாதம். கடைசியில் அதிரசம். காய்கறியும் பருப்பும் முதலில் உள்ளே போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டதும் உட்கார்ந்துவிடாமல் தெருவில் கால் மணி நேரம் நடந்தால் அதுவும் கைகொடுக்கும்.

இப்போது அந்த 310. அது பத்து நாள் கழித்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீபாவளியன்று சாப்பிட்டது அத்தனை நாள் ரத்தத்தில் தங்காது. மிஞ்சிய டப்பாக்கள்தான் காரணமாக இருக்கவேண்டும். நோன்புக்கு 21 அதிரசம் சரி. அதற்கு மேல் சுடும் ஐம்பது யாருக்கு? அக்கம்பக்கத்திலிருந்து வந்த பெட்டிகள் அதற்கு மேல். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, ராத்திரி டிவி பார்க்கையில் ஒன்று. கூடவே முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா. காரம்தானே என்று இவற்றுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. இனிப்பைத் தொடவே இல்லை டாக்டர் என்று சத்தியம் செய்பவர்கள் முறுக்கைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிறார்கள். முறுக்கும் அரிசி மாவுதான்.

அதனால் இந்த வருடம் மாவையே குறைவாகக் கலக்குங்கள். நோன்பு முடிந்த மறுநாளே மிச்சத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் டப்பா உங்கள் கைக்கு எட்டாத இடத்தில், மருமகள் பொறுப்பில் இருக்கட்டும். பாகு பதம் பார்க்கிறேன், வெந்ததா என்று பார்க்கிறேன் என்று அடுப்படியில் வாய்க்குள் போவது தட்டில் வைத்துச் சாப்பிடுவதைவிட அதிகமாகிவிடும். முந்தின நாள் அடுப்பு முன்னால் உட்காரும்போது பசியோடு உட்காராதீர்கள், ருசி பார்க்கும் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள். விருந்துக்குப் போன வீட்டில் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று வற்புறுத்தினால் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ‘வீட்டில் பேரனுக்குக் கொடுக்கிறேன்’ என்று எழுந்துவிடுங்கள். சர்க்கரை நோய் என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் வைத்தியம் சொல்வார்கள். உங்களுக்கு அதிரசம்தான் பிடிக்கும் என்றால் அதை மட்டும் சாப்பிடுங்கள். கடையிலிருந்து வந்த சோன்பப்டிக்காகச் சர்க்கரையை ஏற்றிக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பரிசோதிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். இனிப்பைத் தொட்ட விரலில் ஊசி போட்டால் ரத்தத்தில் இல்லாத சர்க்கரையையும் மீட்டர் சேர்த்துக் காட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள் இருந்தால் நல்லது. எண்ணெய்ப் பலகாரம் தாமதமாக ஏற்றும் என்பதால் நான்கு மணி நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள். 220 என்று காட்டினால் பதறி அடுத்த வேளையைப் பட்டினி போடாதீர்கள், உங்கள் மாத்திரைக்கு அது ஆகாது. சாதத்தைக் குறைத்து வழக்கம்போல் சாப்பிடுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து 250க்கு மேல் இருந்தாலோ, வாந்தி, அதிக தாகம், மயக்கம் சேர்ந்து வந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் பட்டாசு வெடிக்கும் தெருவில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள்.

இனி செய்யவேண்டியது, நோன்புக்கு ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரைப் பார்ப்பது. போன வருட மத்தியானப் படபடப்பை மறக்காமல் சொல்லுங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து நாளாகியிருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாளில் கிளினிக்கில் கூட்டம் நெரியும், மாத்திரையைப் பற்றி நிதானமாகப் பேச நேரம் கிடைக்காது.