வீட்டு வேலைக்கு வந்தவர் விழுந்து அடிபட்டால் வீட்டுக்காரர் பொறுப்பா?

புதுச்சேரியில் மாடி வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த கடலூர்க்காரர் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, நான் ஏதாவது கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் வழக்கறிஞர் ஒருவரிடம் பல ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். இந்த வகை வழக்குக் கட்டுகள் என் மேசைக்கு வராத மழைக்காலம் இல்லை.

அவரை வேலைக்கு வைத்தவர் யார்? எல்லாம் அதில்தான் இருக்கிறது. மொத்த வேலையையும் பேசி ஒரு மேஸ்திரியிடம் விட்டீர்கள்; ஆள் கொண்டுவந்ததும், சவுக்குக் கட்டையில் சாரம் கட்டியதும், சனிக்கிழமை கூலி பிரித்துக் கொடுத்ததும் அவர்தான் என்றால், இழப்பீடு கொடுக்க வேண்டியவரும் அவரே. ஒப்பந்தக்காரருக்கு மேலே இருப்பவரைப் பிடிக்கும் விதி ஒன்று உண்டு. ஆனால் அது தன் தொழிலுக்காக வேலையை விட்டவருக்கு. சொந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது உங்கள் தொழில் அல்ல. மாறாக, நீங்களே ஆளைக் கூப்பிட்டு, நாள்கூலி பேசி, 'முதலில் அந்தச் சன்ஷேடை முடி' என்று கீழே நின்று வேலை வாங்கியிருந்தால் சட்டத்தின் கண்ணில் முதலாளி நீங்கள்தான். எப்படியானாலும் மனுவில் மேஸ்திரி, வீட்டுக்காரர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதுதான் வழக்கம். நோட்டீஸ் வந்தால் பதறாமல் பதில் போடுங்கள்.

'நாலு நாள் வந்த ஆள், அவர் எப்படித் தொழிலாளி ஆவார்?' என்று எங்களிடம் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. இழப்பீட்டுச் சட்டத்தில் தற்காலிக ஆளை விலக்கி வைத்திருந்த வரி 2000ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே போய்விட்டது. மாடி வீட்டைக் கட்டுவது, பழுது பார்ப்பது, பராமரிப்பது எல்லாம் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள வேலைகள். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, அடிப்படை அதேதான். அவருடைய கவனக்குறைவால் விழுந்தார் என்பதும் பெரிய தற்காப்பு ஆகாது.

தொகை எவ்வளவு வரும்? பழைய சட்டத்தின் கணக்கைச் சொல்கிறேன். மாதக் கூலி எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 60 விழுக்காடு 9,000. வயதுக்கு ஏற்பப் பெருக்க வேண்டிய எண் ஒன்று சட்டத்தின் அட்டவணையில் இருக்கும்; நாற்பது வயதுக்கு அது 184.17. பெருக்கினால் 16,57,530, இது நிரந்தர முழு ஊனத்துக்கு. சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு போயிற்று என்று முடிவானால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 3,31,506. ஒரு மாதத்துக்குள் கட்டாமல் இழுத்தடித்தால் 12 விழுக்காடு வட்டியும், தகுந்த காரணம் இல்லையென்றால் 50 விழுக்காடு வரை அபராதமும் சேரும்.

ஊரில் நடப்பது வேறு. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே இருபது ரூபாய் பத்திரம் ஒன்று தயாராகிவிடும். 'ஐம்பதாயிரம் பெற்றுக்கொண்டேன், இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று எழுதி, மாவுக்கட்டு போட்ட கையைத் தூக்கிப் பிடித்து ரேகை வைத்து, சாட்சிக்கு வீட்டுக்காரரின் மைத்துனர் கையெழுத்துப் போட்டிருப்பார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய அந்தத் தாள் செல்லாது. உண்மையிலேயே பேசி முடிக்க விரும்பினால், அந்த ஒப்பந்தத்தை, இந்த வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியான இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யுங்கள். உயிரிழப்பு என்றால் குடும்பத்தின் கையில் பணம் கொடுத்தாலும் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது. ஆணையரிடம்தான் கட்ட வேண்டும்.

இன்னொரு கெட்ட வழக்கம், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் 'பைக்கிலிருந்து விழுந்தார்' என்று எழுத வைப்பது. பின்னால் சாட்சிகள் சாரத்தைப் பற்றிப் பேசும்போது உங்கள் மற்ற பேச்சையும் யாரும் நம்ப மாட்டார்கள். உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

வீடு புதுச்சேரி எல்லையான முள்ளோடைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் கடலூரில் வழக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விபத்து நடந்த இடத்திலும் போடலாம், அவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம்.

வைத்தியச் செலவைக் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்றும் தயங்கியிருந்தீர்கள். ஆகாது, கொடுங்கள். நீங்கள்தான் முதலாளி என்றால் அந்தச் செலவு எப்படியும் உங்கள் தலையில்தான். பில்லை வாங்கி வையுங்கள். ஆனால் அந்தப் பணத்தை இழப்பீட்டில் கழிக்க முடியாது.