கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆகணுமா?

கேள்வி: வயது 43. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடும் செய்தாகிவிட்டது. ஒரு வருடமாக மாதவிலக்கு எட்டு, ஒன்பது நாள் நீள்கிறது, கட்டி கட்டியாகப் படுகிறது. ஸ்கேனில் 4 செ.மீ. ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி). ஹீமோகுளோபின் 7.8. "பையை எடுத்துடலாம், விட்டா கேன்சராயிடும்" என்கிறார்கள். "புள்ளதான் பெத்தாச்சே, இனி அது எதுக்கு" என்கிறார் மாமியார். எடுத்துவிடலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஃபைப்ராய்டு புற்றுநோயாக மாறுவது அரிதிலும் அரிது, அந்தப் பயத்தில் தேதி குறிக்காதீர்கள். ஆனால் 40 வயதைத் தாண்டி இப்படி ரத்தப்போக்கு இருந்தால், கர்ப்பப்பையின் உள்வரியில் துணுக்கு எடுத்து பயாப்ஸி பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்காமலே ஆபரேஷனுக்குச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். தைராய்டும் பாருங்கள்.

அடுத்து ரத்தம். 7.8-ஓடு ஆபரேஷனுக்குப் போனால் ரத்தம் ஏற்ற வேண்டிவரலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றலாம். போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் உண்டு: பொதுவாக ஒரு வேளைக்கு 500 மி.கி. மாத்திரை இரண்டு வீதம், தினம் மூன்று வேளை, அதிகம் படும் நாலைந்து நாள் மட்டும். காலில் ரத்தம் உறைந்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் தொடக்கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு குறையும். ஆகவே டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட, கட்டி எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். 'சப்மியூகஸ்' என்றிருந்தால் கட்டி உள்ளறைக்குள் பிதுங்கியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் இருந்தாலும் ரத்தம் கொட்டும். வயிற்றைக் கிழிக்காமல் ஹிஸ்டெராஸ்கோப்பி (பிறப்புறுப்பு வழியாக விடும் கேமராக் குழாய்) வழியாகச் சீவி எடுக்கலாம். 'சப்சீரோசல்' வெளிப்புறக் கட்டி. போக்குக்கு அது காரணமாக இருப்பது குறைவு. 'இன்ட்ராமியூரல்' என்று சுவருக்குள் இருந்து, உள்ளறையின் வடிவத்தைக் கெடுக்காமல் இருந்தால், காப்பர்-டி மாதிரியே உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனத்தை (மிரெனா) முயலலாம். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். பலர் இரண்டாம் மாதமே "இது சரிப்படலை" என்று எடுத்துவிடுகிறார்கள்; பலன் தெரிவதே அதற்குப் பிறகுதான். உள்ளறை கோணலாக இருந்தால் சாதனம் நழுவி விழுந்துவிடலாம். மெனோபாஸுக்குப் பிறகு கட்டி தானே சுருங்கும்.

பயாப்ஸியில் கெட்ட மாற்றம் தெரிந்தாலோ, கட்டி சிறுநீர்ப் பாதையை அழுத்தினாலோ, மேற்சொன்னவை பலிக்காமல் உங்களுக்கே போதும் என்றாகிவிட்டாலோ எடுப்பதில் தவறில்லை. அப்போதும் சினைப்பையை விட்டுவைப்பார்களா என்று கேட்டு, கையெழுத்துப் போடும் தாளில் எழுதச் சொல்லுங்கள். 43 வயதில் அதையும் சேர்த்து எடுத்தால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்துவிடும், எலும்பும் தேயும். மாமியார் சொல்வது பிள்ளைக் கணக்கு. இது வேறு கணக்கு.

இன்னொரு டாக்டரிடமும் கேட்க, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். ஸ்கேனோடு, தினம் எத்தனை நாப்கின், பத்து ரூபாய் காசைவிடப் பெரிய கட்டி விழுந்ததா என்று இரண்டு மாதம் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்து தலைசுற்றினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: லேப்ராஸ்கோப்பியில் பை எடுத்து மூன்று வாரம். மீன் கூடை தூக்கலாமா?
- வாசகி, காசிமேடு

பதில்: இன்னும் மூன்று வாரம் பொறுங்கள். வெளித் தழும்பு சிறிதுதான். உள்ளே பிறப்புறுப்பின் மேல்முனையில் போட்ட தையல் ஆற ஆறு வாரமாவது ஆகும். நிறைகுடம் தண்ணீரே 15 கிலோ வரும், அதுவும் வேண்டாம். தாம்பத்தியத்துக்கும் இதே கணக்குதான். டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகே.