13.5 லட்சத்துக்குப் பழைய ஆடி கியூ3: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் தைத்துக் கொடுக்கும் யூனிட் நடத்துகிறேன். வயது 43. செலவெல்லாம் போக மாதம் 1.3 லட்சம் கையில் நிற்கும். தெரிந்த கார் கன்சல்டிங்கில் 2016 பதிவு ஆடி கியூ3 வந்திருக்கிறது. 2 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக், 78,000 கி.மீ. ஓடியது, இரண்டாவது ஓனர். 13.5 லட்சம் சொல்கிறார்கள். இந்தப் பணத்துக்குப் புது கிரெட்டா கூட அடிப்படை மாடல்தான் வரும். 12 லட்சம் எஃப்.டி. இருக்கிறது, மீதிக்கு நகைக்கடன் போட்டுக்கொள்வேன். கம்பெனி பெயரில் வாங்கினால் வரி மிச்சம் என்கிறார் நண்பர். தினமும் யூனிட்டுக்கு 6 கி.மீ. ஓட்டம், மாதம் ஒருமுறை சென்னை. வாங்கலாமா?

பதில்: இந்த விலைக்கு, இந்தப் பணத்தைப் போட்டு வேண்டாம். வண்டி மோசம் என்பதால் இல்லை. கியூ3 ஓட்ட அருமையான வண்டி, ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த பிறகு கிரெட்டா பக்கம் மனசு போகாது என்பதும் தெரியும். நான் சொல்வது கணக்கு மட்டும்தான்.

ஒன்பது, பத்து வருடத்தில் அந்த வண்டியின் விலை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை அப்படி இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. புதிதாக 35 லட்சத்தைச் சுற்றி விற்ற வண்டிக்கு என்ன விலையில் ஹெட்லைட், சஸ்பென்ஷன் ஆர்ம், இன்ஜெக்டர் விற்குமோ அதே விலையில்தான் உங்களுக்கும் பில் வரும். நீங்கள் 13.5 லட்சத்துக்கு வாங்கினீர்கள் என்பது ஒர்க்‌ஷாப்புக்குத் தெரியாது, தெரிந்தாலும் குறைக்கப் போவதில்லை.

ஐந்து வருடம் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்வோம். 2016 வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம், அதாவது 2031-ல் முடியும். அதன்பிறகு எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்த வாசலில் நிற்கும் வண்டிக்கு 3.5 லட்சம் கிடைத்தால் நல்ல விலை. ஆக, விலையில் மட்டும் 10 லட்சம் கரைகிறது. வருடாந்திர சர்வீஸ், பிரேக், புஷ், சில்லறை வேலைகள் என்று வருடம் 80,000 வைத்தால் 4 லட்சம். இன்சூரன்ஸ் 2 லட்சம். ஒரு செட் டயரும் பேட்டரியும் 90,000. அப்புறம், இந்த வயது வண்டிக்கு ஐந்து வருடத்தில் ஒரு பெரிய வேலையாவது வரும் என்று 2.5 லட்சம் ஒதுக்கியே ஆகவேண்டும். கூட்டினால் 19.4 லட்சம். டீசல் இதில் சேரவில்லை.

புது கிரெட்டா பெட்ரோல் ஆன்ரோடு 16.5 லட்சம் என்று வையுங்கள். ஐந்து வருடம் கழித்து 9 லட்சத்துக்கு விற்கலாம். இழப்பு 7.5, சர்வீஸ் முக்கால் லட்சம், இன்சூரன்ஸ் 2. மொத்தம் 10.25 லட்சம். இவை என் உத்தேசக் கணக்குகள்தான், கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். ஆனால் கியூ3-க்குப் பெரிய வேலையே வரவில்லை, சர்வீஸ் செலவும் பாதிதான் என்று வைத்தாலும் 14.9 லட்சம் ஆகிறது. விலை குறைந்த வண்டிதான் செலவு கூடிய வண்டி.

பெரிய வேலை என்று எதைச் சொல்கிறேன்? முதலில் கியர்பாக்ஸ். இதில் இருப்பது ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டி, கிளட்ச் எண்ணெயில் மூழ்கியிருக்கும் வகை. உறுதியானதுதான். ஆனால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றவேண்டும். இரண்டாவது ஓனரிடம் இருந்த வண்டிகளில் பலரும் தள்ளிப்போடும் செலவு இதுதான். நான்கு சக்கர இழுவை உள்ள மாடல் என்றால் பின் சக்கரங்களுக்கு இழுவையை அனுப்பும் கப்ளிங்குக்கும் தனி எண்ணெய் உண்டு, அதை மறந்தே போயிருப்பார்கள். என் மைத்துனர் வாங்கிய பழைய ஜெர்மன் வண்டி (கம்பெனி பெயர் வேண்டாம்) எட்டாவது மாதம் ரிவர்ஸ் விழாமல் வீட்டு வாசலிலேயே நின்றது. கியரை இயக்கும் மெக்கட்ரானிக் யூனிட் போச்சு. எஸ்டிமேட் 2.8 லட்சம். அவர் அதைக் கட்டிவிட்டு, அடுத்த மாதமே வண்டியை விற்றார்.

இன்னொன்று உங்கள் ஓட்டம். தினம் 6 கி.மீ. போனால் டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறும் முன்பே யூனிட் வந்துவிடும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக்கிலும் கரி படியும். மாதம் ஒருமுறை சென்னை போய் வருவது கொஞ்சம் உதவும், போதாது. ரிப்பேர் என்றால் உங்களுக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர், 130 கி.மீ. சாதாரண டோ வண்டி ஆகாது, தூக்கி வைத்துக்கொண்டு போகிற ரெக்கவரி வண்டி வேண்டும். வெளியில் நல்ல மெக்கானிக் கிடைத்தால் பில் பாதியாகும். ஆனால் ஸ்கேனர் வைத்து வேலை பார்க்கிறவர்தானா என்று பாருங்கள், மாருதி பார்க்கிறவரிடம் விடாதீர்கள்.

இன்சூரன்ஸில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று. இந்த வயது வண்டிக்கு, தேய்மானம் கழிக்காமல் முழுப் பணமும் தரும் பம்பர் டு பம்பர் பாலிசி கிடைப்பது கஷ்டம். சாதாரண பாலிசியில் ஐந்திலிருந்து பத்து வருட வண்டிக்கு உலோக பாகங்களில் 40 சதவீதம், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானமாகக் கழிப்பார்கள். இப்போதெல்லாம் முன்பக்கம் முழுவதும் பிளாஸ்டிக்தான். பைக் ஒன்று லேசாக மோதி பம்பரும் ஹெட்லைட்டும் போனால் பாதிப் பணம் உங்கள் பையிலிருந்து. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

நண்பர் சொன்ன வரி மிச்சம் பாதி உண்மை. கம்பெனி பெயரில் வாங்கினால் வருமான வரிக் கணக்கில் வருடம் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம், தொழிலுக்கு ஓடும் அளவுக்கு டீசலும் ரிப்பேரும் காட்டலாம். வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யைத் தொழிலின் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை மட்டும் இந்த வகை காருக்குக் கிடையாது, அதன் ரிப்பேருக்கும் இன்சூரன்ஸுக்கும் கிடையாது. இதே தேய்மானச் சலுகை புது கிரெட்டாவுக்கும் உண்டு என்பதை நண்பர் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கு உறுத்துவது எஃப்.டி.தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது கரூரில் ஆர்டர்கள் என்ன ஆயின என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படி இரண்டு மாதம் பேமென்ட் நின்றால் தையல்காரர்களுக்குக் கூலி எங்கிருந்து வரும்? 12 லட்சத்தையும் உடைத்து, வீட்டு நகையையும் வைத்து வண்டி வாங்கினால் முதல் கியர்பாக்ஸ் பில்லுக்கே வெளியில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும்.

சரி, மனசு ஆடியில்தான் நிற்கிறது என்றால் 10.5 லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு மேல்வரியான செஸ் நீங்கி, ஜி.எஸ்.டி. 40 சதவீதம் மட்டும் என்றாகி புது வண்டி விலையே இறங்கியிருக்கிறது, பேரத்தில் அதைச் சொல்லுங்கள். அந்த விலையிலும் கிரெட்டாவைவிட மாதம் சுமார் 10,000 ரூபாய் கூடுதலாகும். அந்த 10,000 ஓட்டும் சந்தோஷத்துக்கு என்று தெரிந்தே கொடுப்பதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நகைக்கடன் வேண்டாம். யூனிட்டின் மூன்று மாதக் கூலியும், அதுபோக வண்டிக்கென்று 3 லட்சமும் தனியே சேர்ந்த பிறகு வாங்குங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேளுங்கள். கியர் எண்ணெய் மாற்றிய பதிவு அதில் இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆர்.சி.யில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், 2016 பதிவு என்பது 2015 தயாரிப்பாகவும் இருக்கலாம். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றதா என்று தெரிந்துகொள்ள சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கே மிச்சமிருக்கும். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு நெரிசலில் ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள், முதல் இரண்டு கியரில் உதறல் இருக்கக் கூடாது. ஸ்கேன் செய்ய ஒரு நாள் வண்டியைக் கேளுங்கள். "நம்ம வண்டிதாங்க, ஸ்கேன் எதுக்கு?" என்று கன்சல்டிங்காரர் இழுத்தால், உங்கள் பதில் அதிலேயே இருக்கிறது.