மூன்றாம் ஆண்டு அண்ணன்

ஐயா, வணக்கம்.

கொங்குப் பகுதியில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு முதலாமாண்டு மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சியான இண்டக்‌ஷன் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் நாள் கலையரங்கில் தொடக்க விழா. அதற்கப்புறம் யோகா, ஆளுமைப் பயிற்சி, தொழில்துறையினர் உரை. வாசிப்புப் பழக்கம் பற்றி நீங்கள் வந்து ஒரு மணி நேரம் பேச முடியுமா? மாணவர்களுக்குக் கொடுக்க ஒரு புத்தகமும் சொல்லுங்கள். அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறப்பதில்லை. அவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட என்ன செய்வது? நிகழ்ச்சியைத் தமிழில் நடத்துவதா ஆங்கிலத்திலா என்றும் எங்களுக்குள் வாக்குவாதம்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

புரிகிற மொழியில் பேசுங்கள். இதில் என்ன வாக்குவாதம்? யோகா நடக்கட்டும், கெடுதல் இல்லை. தொழில்துறைக்காரர் வந்து ஸ்லைடு போட்டுவிட்டுப் போகட்டும், பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் பரவாயில்லை.

ஆனால் ‘தன்னம்பிக்கை ஊட்ட’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பன்னிரண்டாவது முடித்து, தானே விசாரித்து, கவுன்சலிங்கில் சாய்ஸ் நிரப்பி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் இடம் வாங்கி, தகரப் பெட்டியோ ரெக்ஸின் பையோ தூக்கிக்கொண்டு உங்கள் ஊருக்கு வந்து நிற்கிறாள் ஒரு பெண். அவளுக்கு நீங்கள் ஊட்டப் போகிறீர்களாக்கும்! கலையரங்கில் தாளாளர், முதல்வர், துறைத் தலைவர்கள் என்று வரிசையாகப் பேசி, பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்? உங்கள் ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் முன்னால் நீங்கள் கடைசியாக எப்போது கேள்வி கேட்டீர்கள்? மனசாட்சியோடு சொல்லுங்கள்.

அவளுக்குத் தெரியாமல் இருப்பது மிகச் சின்னச் சின்ன விஷயங்கள். இந்தக் கல்லூரி மாணவி என்பதற்கான போனஃபைட் சான்றிதழை எந்த ஜன்னலில் கொடுப்பார்கள், எத்தனை மணிக்குள் போக வேண்டும், இண்டர்னல் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள், தன் ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது என்பது, காய்ச்சலில் பத்து நாள் படுத்தால் யாரிடம் சொல்வது. கேட்டால் சிரிப்பார்களோ என்று நினைப்பாள். அதனால் கேட்கமாட்டாள். நவம்பரில் வருகைப் பதிவு குறைந்து நிற்கும்போது எல்லோரும் அவளுக்கு அறிவுரை சொல்வீர்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மூன்றாம் ஆண்டு அண்ணன். பக்கத்து ஊர்க்காரர், பஸ்ஸில் முகம் பார்த்த பழக்கம். நான் கல்லூரியில் சேர்ந்த வாரம் ஒரு மத்தியானம் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றினார். நூலகத்தில் காலிகோ ஒட்டிய அட்டை டோக்கன்களை வாங்கிக்கொடுத்து, ‘இதுல ஒண்ணு தொலைஞ்சாலும் நோ டியூஸ் தரமாட்டான், பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டு’ என்றார். வங்கியில் சலான் எழுதும்போது தொகையை எழுத்தால் எழுதிய பிறகு மிச்ச இடத்தில் கோடு இழுக்கச் சொன்னார். எந்த டீக்கடையில் கணக்கு வைக்கலாம், எந்தக் குமாஸ்தாவிடம் காலையில் பேசக்கூடாது, எல்லாம் வந்தது. திரும்பும்போது சொன்னார்: ‘கிளாஸ்ல உனக்கு ஒண்ணும் புரியலைன்னா யாருக்கும் புரியலைன்னு அர்த்தம். பயப்படாதே.’ அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் முதல் செமஸ்டரை ஓட்டினேன்.

அதே அண்ணன் அந்த வாரமே ராத்திரி இன்னொரு பையனை விடுதி வராந்தாவில் நிறுத்தி, ‘இன்ட்ரோ கொடு’ என்று அழவைத்ததையும் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆள்தான். ராகிங்குக்கு அன்று சொன்ன நியாயமே ‘நாங்கதான்டா இவனுங்களுக்குக் காலேஜைப் பழக்குறோம்’ என்பதுதான். வழி சொல்கிறவன் கையில் பிரம்பும் இருந்தது.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டார். தமிழ்நாடே உறைந்துபோனது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதிகள் 2009இல் வந்தன. முதலாமாண்டுக்குத் தனி விடுதி, பல கல்லூரிகளில் தனிப் பேருந்து, தனிச் சாப்பாட்டு நேரம். சரியான காரியம். இதில் ஒரு அங்குலம்கூட இறங்கிவரக் கூடாது என்பேன். ஆனால் பிரம்பைப் பிடுங்கியபோது வழி சொல்கிறவனையும் வெளியே அனுப்பிவிட்டோம். அந்த இடத்தில் யாரை வைத்தோம்? மைக்கை வைத்தோம்.

விதியை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதே 2009 விதிகளை எடுத்துப் படியுங்கள். புதிதாக வருகிறவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பேற்று, ஒவ்வொருவரிடமும் தினமும் பேச வேண்டும் என்று இருக்கிறது. தினமும்! காந்திநகர் ஐஐடி 2011இல் பாடம் தொடங்கும் முன் ஐந்து வார அடித்தளப் பயிற்சியைத் தொடங்கியது. பின்னால் தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ கொண்டுவந்த மூன்று வார நிகழ்ச்சியிலும் சுமார் இருபது பேருக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் உண்டு. முடிந்தால் அவரே படிப்பு முடியும்வரை தொடரட்டும் என்கிறார்கள். நீங்களோ அந்த ஆவணத்திலிருந்து யோகாவையும் சிறப்புரையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இருபது பேரை விட்டுவிட்டீர்கள். உங்கள் நிரலில் அதற்கு ஒரு வரிகூட இல்லையே. மேடை போட்டால் போட்டோ கிடைக்கும், அறிக்கையில் ஒட்டலாம். இருபது பேரோடு ஒரு வகுப்பறையில் ஃபேனைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் என்ன போட்டோ எடுப்பது?

எடுக்க வேண்டாம். உட்காருங்கள். தொடக்க விழாவை அரை மணியில் முடிக்கத் தாளாளரிடம் கேட்டுப் பாருங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் இரண்டு மூன்று அரியர் வைத்து மீண்டு வந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் நாலு பேரைப் பொறுக்கி, பகல் வேளையில், நீங்கள் அறையில் இருக்கும்போதே குழுவோடு பேசவிடுங்கள். தங்கப் பதக்கக்காரர்களைக் கூப்பிடாதீர்கள், அவர்களுக்கு எதுவும் நடந்திருக்காது. பேசி முடிந்ததும் எல்லோரையும் நடத்திக் கூட்டிப்போய் அலுவலக ஜன்னலைக் காட்டுங்கள். குமாஸ்தாவின் பெயரைச் சொல்லுங்கள், அவரிடமும் பிள்ளைகளின் பெயரைச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு செக்‌ஷனுக்கு அறுபது பேர், சம்பளமும் நேரத்துக்கு வருவதில்லை என்றால் அதையும் அறிவேன். அதனால்தான் அறுபதையும் உங்கள் தலையில் கட்டாமல் இருபது என்கிறேன்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். உங்கள் கல்லூரிக் கையேட்டைக் கொடுங்கள். அது ஆங்கிலத்தில், யாருக்கும் புரியாத நடையில்தான் இருக்கும். நீங்களே தமிழில் நாலு பக்கமாக எழுதி ஜெராக்ஸ் போடுங்கள். 75 விழுக்காடு வருகை வேண்டும், உடம்பு சரியில்லாமல் 65க்கு மேல் நின்றால் மருத்துவச் சான்றோடு யாரைப் பார்க்க வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பிழை திருத்தித் தருகிறேன். மேடைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

அன்புடன்.