கோயிலுக்காக அமெரிக்காவுக்குக் கடிதமா?

கே: ஐயா, எங்கள் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய மேம்பாட்டாளர் மாரியம்மன் கோயிலைக் காலி செய்யச் சொல்கிறார். அமெரிக்காவில் மதச் சுதந்திரத்துக்கென்றே சட்டம் இருக்கிறதாம், அங்கே ஒரு கடிதம் போட்டால் இங்கே நடுங்கிவிடுவார்கள் என்று ஒட்டுக்கடையில் ஒரு தம்பி சத்தியம் பண்ணுகிறான். போடலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

ப: தம்பி சொல்வதில் பாதி உண்மை. 1998இல் கிளிண்டன் கையெழுத்திட்ட அனைத்துலக மதச் சுதந்திரச் சட்டம்தான் அது. அதன்படி அவர்களுடைய வெளியுறவு அமைச்சு ஆண்டுதோறும் அறிக்கை போடும், மிக மோசமான நாடுகளைத் தனிப் பட்டியலில் சேர்க்கும், தடைகூட விதிக்கலாம். அந்த 'லாம்'இல்தான் விஷயமே இருக்கிறது. 2004இல் சவூதி அரேபியா பட்டியலில் ஏறியது, அப்புறம் தேசிய நலன் என்று காரணம் சொல்லித் தடையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பணக்கார வீட்டுக்குப் பஞ்சாயத்தில் அபராதம் போட்ட கதைதான்!

நம் நாடு? அதே சட்டத்தில் பிறந்த 9 பேர் ஆணையம், மலேசியாவை அந்தத் தனிப் பட்டியலுக்கு ஒரு படி கீழே உள்ள கண்காணிப்புப் பட்டியலில் வைக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கிறது. அமைச்சு வைக்கவில்லை. கனடாவும் 2013இல் மதச் சுதந்திரத்துக்கென்றே ஓர் அலுவலகம் திறந்து, ஆட்சி மாறியதும் 2016இல் மூடியேவிட்டது.

அதற்காக ஒன்றுக்கும் உதவாது என்று சொல்லமாட்டேன், நம்பிக்கைக்காகச் சிறையில் கிடப்பவரின் பெயரை ஒரு வெளிநாட்டு அமைச்சர் வாய்விட்டுச் சொன்னால் அவரைச் சத்தமில்லாமல் மறந்துவிடுவது உள்ளூர் அரசுக்குச் சிரமம். ஆனால் உங்கள் சங்கதி அது இல்லையே. கும்பிடாதே என்று யாரும் சொல்லவில்லை, நிலம் என்னுடையது என்கிறார். துரைமார் காலத்தில் வாய்வார்த்தையாக விட்ட இடம், பட்டா தோட்டத்தின் பேரில், பெரும்பாலான தோட்டக் கோயில்களுக்கு இதே தலையெழுத்து. இதில் வாஷிங்டன் என்ன செய்யும்? வெளிநாட்டுக்காரனிடம் கோள் சொன்னார்கள் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு, மதக் குழுக்கள் சொத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோயில் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய திருவிழா நோட்டீஸ், மின்கட்டண ரசீது எல்லாம் திரட்டி, ஒரு வழக்கறிஞரோடு நில அலுவலகம் போங்கள். மாற்று இடம் தருவதாகச் சொன்னால் பட்டா கைக்கு வரும்வரை அம்மனை எடுக்காதீர்கள். அதுவும் தலைவர் பேரில் வேண்டாம், கோயில் பேரில்.

தம்பிக்குக் கடிதம் எழுத ஆசை என்றால் மலாயில் எழுதச் சொல்லுங்கள், மாவட்ட அதிகாரிக்கு.