தருமபுரியில் கல்லூரிக்குப் பக்கத்தில் கிரேக்க உணவுக் கடை போட்டால் ஓடுமா?

ஓடும் தம்பி. ஆனால் ஆலிவ் காய், ஃபெட்டா சீஸ், நீலமும் வெள்ளையுமாகச் சுவர் என்று முதல் நாளே இறங்கினால் போட்ட காசு திரும்பாது.

நான் மேல்படிப்பு படித்தது சிகாகோவில், இல்லினாய் பல்கலைக்கழகத்தில். வளாகத்தை ஒட்டிய ஹால்ஸ்டெட் தெருதான் அந்த ஊர்க் கிரேக்கர்களின் கடைத்தெரு. 1965-இல் அந்த வளாகம் வந்தபோது பழைய கிரேக்கக் குடியிருப்பில் பெரும்பகுதி போய்விட்டது. கடைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி மறுபடி கடை விரித்தார்கள். சீஸில் பிராந்தி ஊற்றிக் கொளுத்தி 'ஓப்பா!' என்று கத்துகிற பெரிய உணவகங்களும் அங்கே உண்டு. மாணவன் கைக்காசுக்கு அது கட்டுப்படியாகாது. எனக்குப் பிடித்தது கவுண்டரில் பணம் கட்டி, தட்டை நாமே தூக்கிக்கொண்டு போய் உட்காரும் சின்னக் கடை. இன்றும் வேலையாக அந்த ஊருக்குப் போனால் பெட்டியை அறையில் வைத்த கையோடு அங்கேதான் போவேன்.

எல்லோரும் கேட்பது யீரோ. செங்குத்துக் கம்பியில் சுற்றும் கறியைச் சீவி, சூடான பீட்டா ரொட்டியில் வைத்து, வெங்காயம், தக்காளி, மேலே வெள்ளைச் சாஸ். நம் ஊர் ஷவர்மாவுக்குப் பங்காளிதான்; இரண்டுக்கும் பாட்டன் துருக்கி டோனர். சிகாகோவில் அதற்கு ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் சேர்த்து அரைத்த கூம்பு, கிரீஸில் பெரும்பாலும் பன்றி அல்லது கோழி. எங்கள் வீட்டில் மாட்டுக்கறி பழக்கமில்லை. அதனால் நான் வாங்குவது சிக்கன் சூவ்லாக்கி, அதாவது எலுமிச்சை, பூண்டு, ஓரிகானோவில் ஊறிய கோழித்துண்டுகளைக் கம்பியில் கோத்துச் சுட்டது. கவுண்டரில் இருந்த பெரியவர் என் தலையைப் பார்த்ததும் "சிக்கன், எக்ஸ்ட்ரா சாஸ்" என்று அவரே உள்ளே குரல் கொடுத்துவிடுவார்.

அந்தச் சாஸ்தான் விஷயமே. ட்ஸாட்ஸிகி என்று பேர். தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், துருவிப் பிழிந்த வெள்ளரி, பூண்டு, உப்பு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் தயிர்ப் பச்சடியைத் தின்று வளர்ந்த நாக்கு இதை எப்படி வேண்டாம் என்று சொல்லும்? இன்னொன்று, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததே, அதற்கப்புறம் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பவே யோசிக்கிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். உங்கள் சாஸில் முட்டையே இல்லை. இதைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள், 'கிரேக்க' என்ற வார்த்தையைச் சின்னதாக.

சாமான்களுக்கு அலைய வேண்டாம். தயிரைப் பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் பாத்திரம் வைத்து, குளிர்பெட்டியில் ஓர் இரவு விட்டால் போதும். வெள்ளரியை உப்புப் போட்டு நன்றாகப் பிழியாவிட்டால் சாஸ் மோராகிவிடும். பீட்டாவுக்குப் பதில் ஷவர்மாக் கடைக்காரர்கள் வாங்கும் குபூஸ். ஓரிகானோ என்றதும் பீட்சாவோடு வரும் பொட்டலம் நினைவுக்கு வரும்; அதைவிட, வீட்டு வாசலில் சளிக்கு வளர்க்கிறோமே கற்பூரவல்லி, அதில் இரண்டு இலையை நசுக்கி மசாலாவில் சேர்த்துப் பாருங்கள். இரண்டுக்கும் வாசனை தருவது கார்வக்ரால் என்ற ஒரே பொருள்தான். இலை அதிகமானால் கறி கஷாயம் போல ஆகும், ஜாக்கிரதை.

ஃபெட்டாவை விட்டுவிடுங்கள். செம்மறிப்பாலில், கொஞ்சம் வெள்ளாட்டுப்பாலும் சேர்த்துச் செய்வது அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கிரீஸில் செய்ததை மட்டுமே அந்தப் பேரில் விற்கலாம். இறக்குமதிச் சரக்கு வாங்கினால் மாணவர்களுக்கு விலை எட்டாது. பனீரை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்துப் போட்டால் சாலட்டுக்குச் சமாளிக்கலாம், ஆனால் அதை ஃபெட்டா என்று சொல்லி விற்காதீர்கள்.

விலை பக்கத்து ஷவர்மாவைவிடப் பத்து ரூபாய்க்கு மேல் கூடக் கூடாது. ரொட்டிக்குள்ளேயே நாலு உருளைக்கிழங்கு வறுவலைத் திணியுங்கள், கிரீஸிலும் அப்படித்தான் தருகிறார்கள், மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரும் பையனுக்கு வயிறும் நிறையும். சாஸை மட்டும் அன்றன்றைக்குச் செய்யுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே வைத்த தயிர் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும்.